கைகுலுக்கினால் யுரேனியம் கரையுமா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். கொடுத்த நேரம் குறைவு, வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

"அணுசக்தி உடன்பாட்டைக் காப்பது கண்காணிப்புக் கருவியா, மனிதர்களின் பேச்சா?" பேச்சே என்று சொல்ல என்னை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி ஈரானை எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் பேசினார். அணு நிலையத்தில் மாட்டிய கேமரா தூங்காது என்றார். யுரேனியத்தை யாரும் தொடாமலிருக்க மாட்டும் முத்திரை லஞ்சம் கேட்காது என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "கைகுலுக்கினால் யுரேனியம் கரையுமா?" என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், சபை நாகரிகம் பாருங்கள்.

கரையும் அம்மா. எப்படி என்று சொல்கிறேன்.

2015. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரம். ஈரான் அணுகுண்டு செய்யாமலிருக்க ஓர் உடன்பாடு வேண்டும், அதற்கான பேச்சு. மேசைக்கு இந்தப் பக்கம் அமெரிக்க எரிசக்தி அமைச்சர் எர்னஸ்ட் மோனிஸ். அந்தப் பக்கம் ஈரான் அணுசக்தி அமைப்பின் தலைவர் அலி அக்பர் சாலேஹி. மோனிஸ் 1973 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். சாலேஹி முனைவர் பட்டம் வாங்கியது எங்கே? அதே எம்.ஐ.டி.யில், 1977இல். ஒரே வளாகத்தில் நடமாடியவர்கள், அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை. நடுவில் ஈரானில் ஒரு புரட்சி, ஒரு தூதரக முற்றுகை, முப்பது வருடத்துக்கு மேல் பகை. அதற்கப்புறம் எதிரெதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள்.

பேச்சு இழுக்கிறது. யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரம் எத்தனை? செறிவு எத்தனை சதவீதம்? அது ஏற ஏற அணுகுண்டு பக்கத்தில் வருமே! இந்த நேரம் பார்த்து சாலேஹிக்குப் பேரக்குழந்தை பிறக்கிறது. மோனிஸ் என்ன செய்தார்? எம்.ஐ.டி. சின்னம் பொறித்த குழந்தைச் சாமான்களை வாங்கிவந்து சாலேஹியிடம் கொடுத்தார்!

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். அமெரிக்க அமைச்சர். ஈரான் அணுசக்தித் தலைவர். நடுவில் யுரேனியம். அதன்மேல் குழந்தைச் சாமான்! ஈரான்மீது எண்ணெய்க்குத் தடை, வங்கிக்குத் தடை, விமான உதிரிப் பாகத்துக்குத் தடை. பச்சைக்குழந்தைக்கு விலக்கு உண்டா என்று மோனிஸ் தன் சட்டத்துறையைக் கேட்டாரோ என்னவோ! அந்தப் பொட்டலம் மேசைக்கு வந்தபோது பாதுகாப்பு அதிகாரிகள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சம்பந்திகள் எவ்வளவு சண்டை போட்டாலும் பேரக்குழந்தை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் ரெண்டு பேருக்கும் குரல் தானாக இறங்கும். எந்தக் கேமரா அம்மா பேரக்குழந்தைக்குச் சாமான் வாங்கியது?

அப்புறம் வியன்னா. பேச்சு 18 நாள் நடந்தது. பாரதப் போரும் 18 நாள்தான். அங்கே முடிவில் மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். இங்கே எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி மட்டும் ஊன்றுகோலோடு. அதுவும் அதற்கு முன்பே சைக்கிளிலிருந்து விழுந்தது, ஈரான்காரர் யாரும் தள்ளவில்லை. ஜூலை 14 அன்று உடன்பாடு. சுமார் 19,000 மையவிலக்கு எந்திரங்கள் 6,104 ஆகக் குறைய வேண்டும். செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது. டிசம்பர் 28 அன்று 11 டன்னுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியம் ஈரானிலிருந்து ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறியது. கரைந்ததா இல்லையா? சரி, கரையவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரையைக் கடந்ததா இல்லையா?

முத்திரையைப் பற்றி எதிரணி சொல்லாமல் விட்டதை நானே சொல்கிறேன். அணு நிலையங்களைச் சோதிக்கும் சர்வதேச அணுசக்தி முகமை பல காலமாகப் பயன்படுத்திய உலோக முத்திரை நாணயம் அளவுதான் இருக்கும். அதன் உள்பக்கத்தில் தாறுமாறாகக் கீறல்கள். மாட்டுவதற்கு முன் அந்தக் கீறலைப் படம் எடுத்துவைப்பார்கள். கழற்றியதும் வியன்னாவுக்குக் கொண்டுபோய், பழைய படத்தோடு ஒப்பிட்டு, யாராவது கைவைத்தார்களா என்று பார்ப்பார்கள். கீறியவர் மனிதர், மாட்டியவர் மனிதர், ஒப்பிட்டவர் மனிதர். நடுவர் அவர்களே, எதிரணி முத்திரை என் அணிக்குக் கட்சி மாறிவிட்டது!

கேமராவுக்கு வருவோம். 2018 மே மாதம் ட்ரம்ப் உடன்பாட்டை விட்டு வெளியேறினார். ஈரான் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று முகமை அறிக்கை மேல் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. கேமரா தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். முழித்துக்கொண்டு என்ன செய்தது? 2021இல் ஈரான் 60 சதவீதச் செறிவுக்குப் போனது. 2022 ஜூனில் 27 கேமராக்களைக் கழற்றச் சொன்னது. வாயில்லாத கேமரா என்னைக் கழற்றாதே என்று சொல்லவில்லை. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள்மீது இஸ்ரேல், அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மாதமே முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்த ஈரானில் சட்டம் வந்துவிட்டது.

"அப்போ உங்கள் பேச்சும்தானே தோற்றது?" என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. வேறொன்று சொல்கிறேன்.

தெஹ்ரானில் ஓர் ஆராய்ச்சி உலை இருக்கிறது. 1967இல் அமெரிக்காவே கொடுத்தது. புற்றுநோயாளிகளுக்கான மருத்துவ ஐசோடோப்புகள், அதாவது கதிர்வீசும் மருந்துப் பொருள்கள், அங்கே தயாராகின்றன. அதற்கு எரிபொருள் தீரப்போகிறது என்று 2009இல் பேச்சு தொடங்கியது. நீ செறிவூட்டிய யுரேனியம் கொடு, நான் எரிபொருள் தருகிறேன் என்று வல்லரசுகள் ஈரானிடம் சொன்னார்கள். முதலில் யார் கொடுப்பது, எங்கே வைத்துக் கொடுப்பது என்று இழுத்து அது முறிந்தது. அடுத்த ஆண்டு பிரேசிலும் துருக்கியும் நடுவில் போய் 1,200 கிலோ யுரேனியத்துக்கு ஒரு பிரகடனமே கையெழுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை புதிய தடை போட்டது. பிரகடனம் காகிதமாகப் போனது.

உடம்புக்குள் படம் எடுக்க உதவும் ஐசோடோப்பு மாலிப்டினம்-99, 66 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எடுத்துவைத்துவிட்டு, உடன்பாடு வந்ததும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றால் முடியாது. மருத்துவமனை வராந்தாவில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு 3.67 என்றால் என்ன, 60 என்றால் என்ன? மருந்து வந்ததா என்று மட்டும்தான் அவள் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல, எந்த ஊர் ஓட்டலிலாவது ரெண்டு பேர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 18 நாள் ஆனாலும் சரி, 18 மாதம் ஆனாலும் சரி.

மணி அடித்துவிட்டீர்கள். நடுவர் அவர்களே, என் அணிக்கு மதிப்பெண் போடாவிட்டாலும் போகட்டும். அந்தத் தாயை நினைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.