ஜன்னல் சீட்டுக்கு 450 ரூபாய், ஜன்னல் எங்கே?

வணக்கம் மக்களே! விமானத்தில் ஏறினால் நான் மேகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகவே 450 ரூபாய் கூடக் கொடுத்து ஜன்னல் சீட் போட்டேன். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் வெள்ளைச் சுவர்! கேட்டால், "சார், இது ஜன்னலோர சீட்தான்" என்கிறார்கள். ஓரம் இருக்கிறது, ஜன்னல் எங்கே? 450 ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிடலாம். கடைசியில் பின்வரிசைப் பெரியவர், "நான் தூங்கத்தான் போகிறேன், நீ இங்கே வா தம்பி" என்று இடம் மாற்றிக்கொண்டார். மகராசன்!

அட, சொல்லவே இல்லையே: கோயம்புத்தூரிலிருந்து சென்னை, மே மாதச் சாயங்காலம், இடது பக்கம். இடதுதான் முக்கியம், வேலூர், ஆம்பூர் பக்கம் இடிமேகம் கட்டினால் அங்கேதான் தெரியும்.

ஏறும்போது பஞ்சுமேகங்கள். அடி மட்டும் தோசைக்கல் மாதிரி ஒரே மட்டம். மேலேறும் காற்று குளிர்ந்து, ஈரம் துளியாகிற உயரம் அது. கிளம்பும் முன் மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) பார்த்திருந்தேன்: வெப்பநிலை 34 டிகிரி, டியூ பாயிண்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாக ஆரம்பிக்கிற வெப்பநிலை, 22. வித்தியாசம் 12, அதை 400 ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் தரையிலிருந்து சுமார் 4,800 அடி உயரம். மேகத்தின் தலையைத் தாண்டும்வரை குலுக்கல், தாண்டியதும் கப்சிப்.

அப்புறம் வந்தார் பெரியவர். சீட் கொடுத்தவர் இல்லை, இடிமேகம்! உச்சி கொல்லன் பட்டறைக்கல் மாதிரி தட்டையாக ஒரு பக்கம் நீண்டிருந்தது. மேல்காற்று போகிற திசை அது. ஆலங்கட்டி அந்தப் பக்கமும் தெறிக்கலாம். விமானம் வளைந்ததும் முன்சீட்டில், "ஏன் சுத்துறான்?" என்று ஒரு முனகல். பெரிய இடிமேகத்தை விட்டு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போ என்பதுதான் விமானிகளுக்குச் சொல்லித்தருகிற பாடம். மூக்கிலுள்ள ரேடார் மழைத்துளியை நன்றாகக் காட்டும், காய்ந்த பனித்துகளை அவ்வளவாகக் காட்டாது. அதனால் கண்ணும் வேண்டும். அந்த முனகல் ஆசாமி ஜன்னல் மறைப்பை வேறு இழுத்து மூடியிருந்தார். அவருக்கெல்லாம் ஜன்னல் கிடைக்கிறது பாருங்கள்!

காஞ்சிபுரம் பக்கம்தான் உச்சக்கட்டம். மதியம் உள்ளே புகுந்த கடல்காற்று சூடான காற்றோடு முட்டுகிற இடத்தில், வரிசையாக மேகச் சுவர். அதைத் தாண்டி கடற்கரை வரை வானம் வெறிச்சென்று. காற்று கடலிலிருந்து வந்ததால், எதிர்காற்றில், விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கிற பம்மல் பக்கமாக வந்து இறங்கினோம். இந்தச் சுவருக்கு 450 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். அந்தச் சுவருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்.