செய்தி ஊருக்குச் சொந்தம், எழுத்து எழுதியவருக்குச் சொந்தம்

(மட்டக்களப்பில் முகநூல் செய்திப் பக்கங்களும் வட்ஸ்அப் குழுக்களும் நடத்துவோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மாரி தொடங்கினால் நம் கைபேசிகளுக்கு முதலில் வருவது உன்னிச்சைக் குளத்துச் செய்திதான். "குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, தாழ்நில மக்கள் கவனம்." பத்திரிகையில் கண்ட இந்தச் செய்தியைக் குழுவில் போடலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அன்றாடச் செய்திக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்கிறது. வெறும் தரவுக்கும் இல்லை. சட்டம், வர்த்தமானி அறிவித்தல் போன்ற உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் இல்லை. கதவு எத்தனை அடி உயர்ந்தது, எந்த ஊருக்குள் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் ஒருவருக்கும் தனிச்சொத்து ஆகாது.

அதே பத்திரிகையில், வயல்காரர் நாலு பேரோடு பேசி, ஒவ்வொரு மாரியிலும் ஏன் இதே ஊர்கள் தாழ்கின்றன என்று ஒரு செய்தியாளர் அரைப்பக்கம் எழுதியிருப்பார். அது வேறு. அவர் தேர்ந்த சொல்லும் அடுக்கிய ஒழுங்கும் அவருடைய ஆக்கம். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் பதியவேண்டியதில்லை. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரென்றால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துப் பொருளாதார உரிமை, அதாவது படியெடுக்கவும் வெளியிடவும் விற்கவும் உள்ள உரிமை, நிறுவனத்துக்குப் போகும். எழுதியவரின் ஆயுளும், அதன்பின் 70 ஆண்டும் இது நிற்கும். நமது காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார். 2017ஓடு அந்த 70 ஆண்டும் முடிந்தது. அடிகளின் கட்டுரையை இன்று முழுதாகவே வெளியிடலாம். அண்மையில் ஒருவர் அதற்கு முன்னுரை எழுதியிருந்தால், அந்த முன்னுரையை மட்டும் தொடாதீர்கள்.

அப்படியானால் பாதுகாப்புள்ள எழுத்தைத் தொடவே கூடாதா? தொடலாம். 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது: விமர்சனம், கருத்துரை, செய்தி அறிக்கையிடல், கற்பித்தல், ஆய்வு. பார்க்கவேண்டியவை நான்கு. எதற்காக எடுத்தோம், எடுத்தது எத்தகைய ஆக்கம், எவ்வளவு எடுத்தோம், அதனால் மூல ஆக்கத்தின் சந்தை என்னாகும். இது அமெரிக்கச் சட்டத்தின் வழியில் வந்த அமைப்பு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாக அமைந்தது. ஆகவே தமிழ்நாட்டு யூடியூப் காணொளியில் கேட்ட ஆலோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

"பத்து வீதம் எடுக்கலாமாம்" என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலாவுகிறது. சட்டத்தில் அப்படியொரு கணக்கே கிடையாது. டென்மார்க்கில் பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்து 11 சொற்களாக எடுத்துக் கொடுத்த நிறுவனமொன்றின் வழக்கில், எழுதியவரின் ஆக்கத்திறன் தெரிந்தால் அந்த 11 சொல்லுக்கும் பாதுகாப்புண்டு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2009இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. அளவைப் பற்றிய அசட்டை கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

சந்தை என்னாகும் என்ற நான்காவது கேள்விதான் நம்மில் பலர் சறுக்கும் இடம். விடியற்காலையில் அன்றைய பத்திரிகை முழுவதும் பி.டி.எஃப் கோப்பாக ஒரு குழுவில் விழும். ஏழு மணிக்குள் நாற்பது குழுக்களுக்குப் போய்விடும். காசு வாங்கவில்லை, சேவைதானே என்கிறார்கள். காசு வாங்காதது முதற் கேள்விக்கு மட்டுமே சிறிது உதவும். எடுத்தது முழுப் பத்திரிகை, பெற்றவர் கடைக்குப் போகவில்லை, தளத்துக்கும் போகவில்லை. பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அச்சேறும் செய்திக்குத்தான் கொடுப்பனவு. பத்திரிகை மெலிந்தால் முதலில் வெட்டுப்படுவது வாகரை, பொத்துவில் செய்திகள்தான். தயவுசெய்து அந்தக் கோப்பை உங்களோடு நிறுத்துங்கள்.

எப்படிப் பகிர்வது? மேற்சொன்ன அரைப்பக்கக் கட்டுரையையே எடுப்போம். முதலில் உங்கள் சொல்லில் இரண்டு வரி: "உன்னிச்சை வெள்ளத்துக்கு வடிகால்கள் தூர்ந்ததும் காரணம் என்கிறது இன்றைய கட்டுரை. வயல்காரர் நால்வரின் கருத்தும் உண்டு." அடுத்து, மேற்கோள் குறிக்குள் ஒரே ஒரு வாக்கியம், எழுத்து மாறாமல். அதன் கீழ் எழுதியவர் பெயர், பத்திரிகை, திகதி. கடைசியாக லிங்க். பத்திரிகையே தன் பக்கத்தில் போட்டதென்றால் 'ஷெயார்' பொத்தானை அழுத்துவது எல்லாவற்றிலும் நல்லது. கட்டுரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு படமாகப் போடுவது முழுப்பிரதிதான். சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதினாலும் அடுக்கு அப்படியே இருந்தால் தப்பமுடியாது.

புகைப்படத்தில் இன்னும் கவனம் வேண்டும். படத்தில் 'சிறுபகுதி' எடுக்கமுடியாது, எடுத்தால் முழுதும்தான். "நன்றி: இணையம்" என்று போடுவதால் ஒன்றும் ஆகாது, அது உரிமையாளரின் பெயருமல்ல, அனுமதியுமல்ல. படம் எடுத்தவரைத் தேடிக் கேளுங்கள். இல்லையேல் நீங்களே போய் எடுங்கள், உன்னிச்சை தூரமில்லை.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் போடுவோரும் இங்கே இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பும் உரிமையாளருக்கே உரிய உரிமை. இயந்திரம் மொழிபெயர்த்தாலும் அதேதான். தகவலை எடுத்துத் தமிழில் புதிதாக எழுதுங்கள்.

12ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. நடப்புப் பொருளாதார, அரசியல், சமய விடயங்கள் பற்றிய பத்திரிகைக் கட்டுரையை, மூலத்தைக் குறிப்பிட்டு மறுபிரசுரம் செய்யலாம். ஆனால் உரிமையாளர் அந்த உரிமையை வெளிப்படையாக ஒதுக்கி வைத்திருந்தால் சலுகை இல்லை. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். சிறுகதை, கவிதை, கேலிச்சித்திரம், வைத்தியப் பத்தி இவை எதுவும் இதற்குள் வராது. வேண்டுமென்றே மீறினால் நீதவான் நீதிமன்றில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதச் சிறை, அல்லது இரண்டும்.

இனி, உங்கள் எழுத்தை மற்றவர் எடுத்தால்? எழுதிய கோப்பையும் படத்தின் மூலப்பிரதியையும் அழிக்காதீர்கள். திருடிய பதிவின் லிங்கையும், திகதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு, முதலில் அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தில் இரண்டு லிங்கையும் கொடுங்கள், உங்களுடையதும் அவர்களுடையதும். உண்மையென்று உறுதியளித்துப் பெயரிட்டு ஒப்பமிடுவதால், உங்களுடையதல்லாத ஒன்றுக்கு அதை நிரப்பாதீர்கள். முகநூல் பதிவை நீக்கியபின், நீக்கியது தவறென்று எதிராளி மறுமுறைப்பாடு கொடுத்து, நீங்கள் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் பதிவு திரும்பவும் ஏறலாம். ஆகவே முறைப்பாடு கொடுத்த அன்றே அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.