பாயிலயும் பா, பாட்டுலயும் பா

(காட்சி: பத்தமடை. திண்ணையில் ஊறிய கோரைக் கட்டு.)

குரல்: சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி, காயவெச்சு, கிழிச்சு, ஊறப்போட்டுப் பாய் நெய்யுதாங்க. நெடுக்க ஓடுற பருத்தி நூல் பாவு. குறுக்க போற கோரை ஊடை. கோரை மெல்லிசாக் கிழியக் கிழியப் பாய் நயமாகும். பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிச்சுப் பைக்குள்ள வெச்சிரலாம்.

இந்தப் பாவுக்குப் 'பா'ன்னும் பேரு. அகராதியைப் பாருங்க: பான்னா செய்யுள், பான்னா நெசவுப் பாவு. செய்யுள் இலக்கணத்துல வர்ற சொல்லும் இப்படித்தான்: யாப்புன்னா கட்டுறது. தொடைன்னா தொடுக்கிறது, பூத் தொடுக்கிற மாதிரி.

சும்மா ஒலி ஒத்துப்போச்சுன்னு நினைக்கியளா? நல்ல சந்தேகம்தான். ஆனா நன்னூல்ங்கிற இலக்கண நூலோட பாயிரத்துல, அதாவது முன்னுரையில, பவணந்தி முனிவர் இதை வெளிப்படையாவே சொல்லுதாரு. 13-ம் நூற்றாண்டு, பாத்துக்கிடுங்க. சொல்தான் பஞ்சு. செய்யுள் இழை. புலவன் நூல் நூற்கிற பொண்ணு. அவளுக்குக் கை, இவனுக்கு வாய். அவளுக்குக் கதிர், இவனுக்குப் புத்தி. புலவனுக்கு உவமை தேடினவரு அரண்மனைப் பக்கமே போகல. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

(காட்சி: மரத்தின் மேல் நூலை இழுத்து அடிக்கும் கை. கோடு விழுகிறது.)

குரல்: அடுத்த பாட்டுல தச்சு வேலை. மரத்தோட கோணலைத் தீர்க்கிறது இந்த நூல். மனுசனோட மனக்கோணலைத் தீர்க்கிறது எழுதுற நூல்ங்காரு. தத்துவம் நுழையிற இடம் இதுதான். ஆனா கவனிங்க, நூல் மரத்தை வெட்டாது. கோட்டைப் போட்டுட்டு ஒதுங்கிக்கிடும். மரம் செதுக்குற வாய்ச்சியைப் பிடிக்க வேண்டியது நாமதான்.

(காட்சி: பாபநாசம், மேலிருந்து ஆறு.)

குரல்: இந்த நன்னூலுக்கு விருத்தியுரை, அதாவது விரிவான உரை, எழுதினது யாரு? நம்ம திருநெல்வேலி சங்கர நமச்சிவாயர். எழுதச் சொன்னவர் ஊற்றுமலையை ஆண்ட மருதப்பத் தேவர். பின்னால அந்த உரையைத் திருத்தினவர் சிவஞான முனிவர். பாபநாசத்துக்குக் கீழ விக்கிரமசிங்கபுரத்துக்காரர், 1785-ல மறைஞ்சவர். சிவஞானபோதம்ங்கிற சைவ சித்தாந்த நூலுக்கு மாபாடியம்ங்கிற பேருரை எழுதின சித்தாந்தி. காஞ்சிப் புராணத்து முதல் காண்டம் பாடின கவிஞர். அப்பேர்ப்பட்டவர், இன்னொருத்தர் உரையை எடுத்துவெச்சு, எங்க கூடுது, எங்க குறையுதுன்னு வரி வரியாச் செதுக்கியிருக்காரு. முழுக்க ஆசாரி வேலை!

மரத்துல கோடு போடுற அந்த நூலுக்கு எற்றுநூல்னு பழைய பேரு. உங்க ஊரு ஆசாரிமாரு இப்போ அதை என்னன்னு சொல்லுதாங்க? கேட்டுட்டு வந்து கமென்ட்ல போடுங்க.