எருமை வண்டியில் வந்த கொண்டாட்டம்

(திரை: எருமைகளின் முகம், மிக அருகில்)

முதலில் இந்த எருமைகளைப் பாருங்கள். இத்தாலியில் ஏது எருமை என்று கேட்காதீர்கள். பீட்சா மேல் உருகிக் கிடக்கும் அசல் மொசரெல்லா இதன் பாலில் செய்வதுதான்.

(திரை: மெல்ல விலகி, முழு ஓவியம்)

‘பொன்டைன் சதுப்பு நிலத்தில் அறுவடைக்காரர்களின் வருகை’. 1830-இல் லியோபோல்ட் ரொபேர் வரைந்தது. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொபேர் சுவிட்சர்லாந்துக்காரர். 1818-இல் ரோமுக்குப் போனவரை அங்கேயே கட்டிப்போட்டது நாட்டுப்புறத்து மக்களின் முகமும் உடையும்தான்.

வண்டி இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. மேலே கைக்குழந்தையோடு ஒரு பெண். எருமைகள் பக்கம் தார்க்குச்சியோடு சாய்ந்திருக்கும் இளைஞன். கீழே ஒருவன் தோல்பையை அக்குளில் இடுக்கி ஊதுகிறான். சாம்போன்யா என்பார்கள், அந்த ஊர் பேக்பைப். அதற்கு ஓர் ஆட்டம். அரிவாளும் கையுமாகப் பெண்கள்.

(திரை: ஓவியத்தின் மேல் ஒரு முக்கோணக் கோடு)

முக்கோணத்தின் உச்சியில் யார் நிற்கிறார்கள்? அந்தத் தாயும் பிள்ளையும். மாதா சொரூபம் ஏற்றிய தேர் போலவே வண்டியை நிறுத்தியிருக்கிறார். தாவீத் என்ற பெரிய ஓவியரிடம் படித்தவர் அல்லவா, அந்தக் கட்டுக்கோப்பு விடவில்லை. என்னைக் கேட்டால், ஆட்களைக் கொஞ்சம் அதிகமாகவே துடைத்து வைத்திருக்கிறார். காலில் சேறே இல்லை!

(திரை: பின்னணியில் விரியும் சமவெளி)

ஆனால் இடம் எது? ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள மலேரியா பூமி. மலைக் கிராமத்து ஏழைகள் கூலிக்கு இங்கே இறங்கி வருவார்கள். கதிர் முற்றுவதும் காய்ச்சல் கிளம்புவதும் அதே கோடையில்தான். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள். கொசுதான் காரணம் என்று கண்டுபிடிக்க 1890-கள் வரை ஆனது. சதுப்பு முழுதாக வற்றியது 1930-களில். ரொபேர் வரைந்திருப்பது வருகையை. அறுவடை முடிந்து திரும்பும்போது அந்த வண்டியில் எத்தனை பேர் ஆடும் நிலையில் இருந்திருப்பார்கள்?

1831-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓவியத்துக்கு ஏகப்பட்ட வரவேற்பு. மன்னர் லூயி பிலிப்பே வாங்கினார்.

உண்மையில் இது நான்கு பருவங்கள் என்ற வரிசையில் ஒன்று. வசந்தத்துக்கு நேப்பிள்ஸ் பக்கத்து மாதா திருவிழா, கோடைக்கு இந்த அறுவடை. இலையுதிர் காலத்துக்கு யோசித்த டஸ்கனித் திராட்சை அறுவடை வரையப்படவே இல்லை. குளிர்காலத்துக்கு வெனிஸ் கார்னிவல்.

(திரை: ‘அட்ரியாட்டிக் மீனவர்களின் புறப்பாடு’)

சரி, கார்னிவல் எங்கே? தொடங்கிப் பார்த்தார், வரவில்லை. முகமூடியும் கூத்தும் போய், கடலுக்குக் கிளம்பும் மீனவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. அதை முடித்த கையோடு, 1835-இல், வெனிஸிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40.

இதிலும் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் உண்டு. வண்டி மேல் அல்ல, ஓரமாக நிற்கிறாள்.