கோடி கேக்குற பையனும் நாலு வரி கதையும்

நடுவர் ஐயாவுக்கும், அந்தப் பக்கம் பந்தி ஆரம்பிச்சும் எந்திரிச்சு போகாம உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப இன்னொருக்கா சொல்லிடுறேன். "சினிமாவுக்கு கதை எழுதி கோடீஸ்வரன் ஆவேன்னு சொல்ற புள்ளைக்கு நாம முதல்ல குடுக்க வேண்டியது கைதட்டலா, வேலையா?" நான் வேலைதான்னு பேச வந்திருக்கேன்.

எங்க வீட்டு கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். என் பையனுக்கு 11 வயசு. போன லீவுல ஒரு நாள் ராத்திரி தோசைய பிச்சுகிட்டே, "அப்பா நான் ஸ்கிரிப்ட் ரைட்டர் ஆகப்போறேன், ஒரு கதைக்கு 10 கோடி, வருஷத்துக்கு 3 கதை, உனக்கு ஒரு இன்னோவா"ன்னான். எனக்கு புல்லரிச்சு போச்சு, இன்னோவாவ நெனச்சு. சரிடா, கதை என்னன்னு கேட்டேன். "ஒரு ஹீரோ, அவனுக்கு பவர் இருக்கு, வில்லன அடிச்சிடுறான்." அப்புறம்? "அவ்ளோதான், மிச்சத்த டைரக்டர் பாத்துப்பாரு."

சிரிக்கிறீங்க. இதே வசனத்த 40 வயசு ஆளுங்க சாலிகிராமம் டீக்கடையில சொல்லி நான் கேட்டிருக்கேங்க. நானும் 6 வருஷம் அங்க உதவி இயக்குநரா சுத்தினவன்தான், கொஞ்ச காலம் நானே அப்படித்தான் பேசிகிட்டு திரிஞ்சேன்.

எதிரணித் தங்கச்சி ஹாலிவுட் நடிகர் ஸ்டாலோனோட கதைய சொல்லி கைதட்டல் வாங்கினாங்க. கையில காசில்லாம வளத்த நாயவே வித்தாரு, மூணரை நாள்ல ராக்கிங்கிற குத்துச்சண்டை படத்தோட கதைய எழுதினாரு, எங்கயோ போயிட்டாருன்னு. நானும் தட்டினேன், பொய்யில்ல அது. ஆனா ரீல்ஸுக்கு 30 செகண்டுதான் டைம், மிச்சத்த யாரு சொல்றது? மூணரை நாள்ல வந்தது முதல் டிராஃப்ட்டு மா. அதுக்கப்புறம் அத அடிச்சு திருத்தி மாத்தி மாத்தி எழுதினாரு, படம் வந்தது 1976ல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1974ல ஒரு படத்துல நடிச்சதோட கூடுதல் வசனம் எழுதினதுக்கும் அவருக்கு பேரு போட்டாங்க. மனுஷன் எழுதி எழுதி கை காய்ச்சவரு, அந்த மூணரை நாளு அந்த கையில இருந்து வந்ததுங்க.

பெரிய தொகைதான் வேணும்னா நானே ஒன்னு தர்றேன். வில்லியம் கோல்ட்மேன்னு ஒருத்தரு, ரெண்டு ரயில் கொள்ளைக்காரங்கள பத்தி புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்னு ஒரு திரைக்கதை எழுதி 1967ல 4 லட்சம் டாலருக்கு வித்தாரு, ஹாலிவுட்டே வாய பொளந்துச்சு. என் பையன்கிட்ட இத சொன்னா 4 லட்சத்த மட்டும் கப்புனு புடிச்சுப்பான். அந்த கொள்ளைக்காரங்கள பத்தி விட்டு விட்டு தேடித் தேடி படிச்சது சுமார் 8 வருஷம்ங்க, அதுக்கு நடுவுல நாவல் நாவலா எழுதிகிட்டு வேற இருந்தாரு. 4 லட்சத்த 8ஆல வகுத்தா வருஷத்துக்கு 50,000 டாலர் வருது. சரி, அந்த காலத்துக்கு அதுவும் நல்ல காசுதான், ஒத்துக்குறேன், இந்த பாயின்ட்ட எதிரணி எடுத்துக்கட்டும்.

இந்தப் பக்கம் வாங்க. சலீம் ஜாவேத், இந்தி சினிமாவுக்கு சேந்து கதை எழுதின ரெண்டு பேரு. ஷோலே கதைய அவங்க முதல்ல சொன்னது வெறும் நாலு வரி. "பாத்தீங்களா, உங்க பையனும் ஒரு வரி வச்சிருக்கான்ல"ன்னு எதிரணி கேக்கலாம். அந்த நாலு வரி 1975ல திரைக்கு வந்தப்ப மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுற படம், நடுவுல இருக்குற தூரத்த நடந்தது யாரு? அவங்க பேரு போஸ்டர்ல வர்றதுக்கே என்ன பாடு தெரியுமா? 1973ல அவங்க எழுதின ஜன்ஜீர் படம் வந்தப்ப போஸ்டர்ல எழுத்தாளர் பேரு இல்ல, அந்த காலத்துல அதுதான் வழக்கம், இவங்களே ஒரு பெயிண்டருக்கு காசு குடுத்து பம்பாய் சுவர்ல ஒட்டியிருந்த போஸ்டர் மேலயெல்லாம் தங்களோட பேர எழுத வச்சாங்க. நம்ம பாக்யராஜ் சார 16 வயதினிலேல உதவி இயக்குநரா பாக்குறோம், 1977. ரெண்டே வருஷத்துல டைரக்டர் ஆயிட்டாருன்னு சொல்லுவீங்க, அந்த ரெண்டு வருஷத்துல அவரு கதை பேசின ராத்திரிங்கள எண்ணிட்டு சொல்லுங்க.

இப்ப கோடம்பாக்கத்து வேலைய கொஞ்சம் சொல்றேன், பெத்தவங்க காத குடுங்க. முதல்ல ஒன்லைன், அதாவது கதையோட சுருக்கம். அது ஓகே ஆனா சீன் ஆர்டர், 60, 70 சீனு, எது முன்னாடி எது பின்னாடின்னு. அப்புறம் ரூம் போட்டு டிஸ்கஷன், அங்க டீயும் சிகரெட்டும் தீந்துகிட்டே இருக்கும், இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முன்னாடி வர்ற திருப்பம், அது மட்டும் சிக்காது. அது சிக்கினா செகண்ட் ஆஃப் படுத்துக்கும். எல்லாம் முடிஞ்சு நரேஷன், அதாவது ஒரு தயாரிப்பாளர் முன்னாடி உக்காந்து ரெண்டு மணி நேரம் கதைய நடிச்சே காட்டணும். நான் ஒருத்தருக்கு சொன்னேன், பேரு வேணாம், அவரு பாதி நேரம் போன்லயே இருந்தாரு. முடிச்சதும், "ஹீரோயினுக்கு அண்ணன் எதுக்கு தம்பி, தூக்கிடுங்க"ன்னாரு. அண்ணன தூக்கினா இன்டர்வெல்லே காலி. 14 நாள் அவர திட்டிகிட்டே திருப்பி எழுதினேன். படம் நடக்கல, கைக்கு வந்தது அட்வான்ஸ் 5,000, அதுல பாதி டீக்கடை பாக்கிக்கு போச்சு. ஆனா ஒன்னு சொல்லணும், அண்ணன தூக்கினப்புறம்தான் அந்த கதை நல்லா இருந்துச்சு. அந்த 14 நாள் மாதிரி சந்தோஷமா நான் அங்க வேற எப்பவும் இருந்ததில்ல, வயித்தெரிச்சலோட சேந்த சந்தோஷம் அது.

தங்கச்சி கேட்டாங்க, "இதையெல்லாம் சொன்னா புள்ள பயந்துடாதா அண்ணா"ன்னு. நான் சொல்லலையே மா. வேல குடுத்தேன்.

"ஒரே ஒரு பக்கம் எழுதுடா, சினிமா கணக்குல சுமாரா ஒரு நிமிஷம், டவுன் பஸ், ஒரு கண்டக்டர், ஒரு தாத்தா, 7 ரூபா சில்லறை. யாரும் பறக்க கூடாது." மூஞ்ச தூக்கிகிட்டு போனான். அரை மணி நேரத்துல கொண்டு வந்தான். கண்டக்டர் கெட்டவரு, தாத்தா நல்லவரு, தாத்தா கண்டக்டர அடிக்கிறாரு. "சரி, கண்டக்டர் ஏன்டா சில்லறை தரல?"ன்னேன். "கெட்டவரு, அதான்." போய் பாத்துட்டு வாடான்னு சனிக்கிழமை பஸ்ல கூட்டிட்டு போனேன், ரெண்டு ட்ரிப்பு. திரும்பி வர்றப்ப சொல்றான், "அப்பா, அவருகிட்ட நெஜமாவே சில்லறை இல்லப்பா, டிக்கெட் பின்னாடி பாக்கிய எழுதி குடுக்குறாரு, நெறைய பேரு மறந்துட்டு எறங்கிடுறாங்க."

நாலு தடவ கிழிச்சான். ரெண்டாவது தடவ அழுதான், அவங்கம்மா என்னைய மொறச்சா, அது வேற பட்டிமன்றம். அஞ்சாவதா எழுதினதுல கண்டக்டர் கூட்டத்துல நசுங்கி நசுங்கி ஆளாளுக்கு கேட்டு ஒரு வழியா 7 ரூபாய சேத்துகிட்டு அந்த சீட்டுக்கு வர்றாரு, சீட்டு காலி. ஜன்னல் வழியா பாக்குறாரு, தாத்தா டிக்கெட்ட மடிச்சு காதுல சொருகிகிட்டு நடந்து போறாரு. வசனமே இல்ல.

எனக்கு கைதட்டணும் போல இருந்துச்சு, தட்டல. "இதுக்கு எவ்ளோப்பா தருவாங்க?"ன்னான். ஒன்னும் தர மாட்டாங்கடான்னேன். கொஞ்ச நேரம் பென்சில கடிச்சுகிட்டு இருந்தான்.

"அப்ப அந்த தாத்தா மறுநாள் அதே பஸ்ல ஏறுற மாதிரி இன்னொரு சீன் எழுதவா?"

மணி அடிச்சிட்டீங்க ஐயா, உக்காந்துக்குறேன். நன்றி, வணக்கம்.