சி.எஸ்.இ.யா, ஏ.ஐ. அண்ட் டி.எஸ்.ஸா, பி.சி.ஏ.வா? சிலபஸைத் திறந்து பார்த்துவிடுவோம்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வரும் மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அண்ணா, சி.எஸ்.இ. எடுக்கவா, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுக்கவா?" அதை விட்டால், "இன்ஜினியரிங் கட் ஆஃப் வராது, பி.சி.ஏ. போகலாமா?" சி.எஸ்.இ. என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், டேட்டா சயின்ஸ் என்றால் தரவுகளை அலசி முடிவு காணும் படிப்பு, பி.சி.ஏ. என்றால் மூன்று வருடக் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பட்டம். இரண்டு கேள்வியையும் இன்றைக்குச் சேர்த்தே பேசிவிடுவோம். கல்லூரி ரேங்க், பிளேஸ்மென்ட், சம்பளம் எல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பேசத்தான் ஆள் குறைவு. நான் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சிலபஸைத் திறங்கள். திரையில் தெரிவது அண்ணா பல்கலைக்கழகம் 2021இல் கொண்டுவந்த ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம். இடது பக்கம் சி.எஸ்.இ., வலது பக்கம் ஏ.ஐ. அண்ட் டி.எஸ். இரண்டாம் ஆண்டைப் பாருங்கள். டிஸ்கிரீட் மேத்ஸ் இரண்டிலும் இருக்கிறது. அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், ஏ.ஐ., தரவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங், இவையும் இரண்டிலும் இருக்கின்றன. சி.எஸ்.இ. மூன்றாம் செமஸ்டரில் இந்தப் பாடத்தின் பெயரைக் கவனியுங்கள்: ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ். சி.எஸ்.இ. எடுத்தால் டேட்டா சயின்ஸ் பக்கமே போக முடியாது என்று யாராவது சொன்னால், இந்த வரியைக் காட்டுங்கள்.

சரி, எங்கே பிரிகிறது? சி.எஸ்.இ.யில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் கம்பைலர் டிசைனும் கட்டாயம். ஒரு கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது, நாம் எழுதும் புரோகிராம் எப்படி இயந்திர மொழியாக மாறுகிறது என்பதெல்லாம் அங்கே வரும். வலது பக்கத்தில் அந்த இடத்தை நிகழ்தகவும் புள்ளியியலும், தரவைப் படமாகக் காட்டும் டேட்டா விஷுவலைசேஷனும், மெஷின் லேர்னிங்கில் ஒரு வகையான டீப் லேர்னிங்கும் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காகக் கட் ஆஃபை வைத்து வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. நல்ல கல்லூரியில் ஒன்று கிடைத்து, சுமாரான கல்லூரியில் இன்னொன்று கிடைத்தால், யோசிக்காமல் நல்ல கல்லூரியை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. நீங்கள் சேரப்போகும் கல்லூரி தன்னாட்சி என்றால் அவர்கள் வெப்சைட்டில் போய் அவர்களுடைய சிலபஸைத்தான் பார்க்க வேண்டும். பாடத்தின் பெயரோடு நிறுத்தாமல், ஐந்து யூனிட்டிலும் என்ன இருக்கிறது, லேப் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

அடுத்து கணக்கு. நிறையப் பேர், "எனக்கு மேத்ஸ் வராது, அதனால் கம்ப்யூட்டர் எடுக்கிறேன்" என்கிறார்கள். டேட்டா சயின்ஸில் கணக்கைத் தாண்டிப் போக வழியே இல்லை. அதே சமயம் பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் பாதி வழி ஏற்கனவே வந்துவிட்டீர்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுங்கள். முதல் பாடம் அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். பதினொன்றாவது பாடம் நிகழ்தகவுப் பரவல்கள். பன்னிரண்டாவது தனிநிலைக் கணிதம், அதைத்தான் கல்லூரியில் டிஸ்கிரீட் மேத்ஸ் என்பார்கள். முதல் பாடத்தில் காஸ் நீக்கல் முறை என்று ஒன்று செய்தீர்களே, மூன்று சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாறியாக நீக்கிக்கொண்டே வருவது? அதே வேலையை ஆயிரம் மாறிகளுக்குக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்வார்கள். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கல்லூரி திறக்கும்வரை இருக்கும் நாட்களில் இந்த மூன்று பாடத்தையும் நிதானமாக இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தரவைக் கையாளும் வேலை நிஜத்தில் எப்படி இருக்கும்? விளம்பரத்தில் ரோபோ கை குலுக்கும் படம் போடுவார்கள். வேலையில் உட்கார்ந்தால் உங்கள் முன்னால் இருப்பது இந்த மாதிரி ஒரு எக்ஸெல் ஷீட்தான். காட்டுவதற்காக நானே தயாரித்த ஷீட் இது, ஒரு கற்பனைப் பள்ளியின் மாணவர் பட்டியல்.

பெயர் நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு வரியில் எஸ்.முருகன், இன்னொரு வரியில் முருகன் எஸ், கீழே வெறும் முருகன். ஒரே ஆளா, மூன்று பேரா? வெளிநாட்டில் செய்த மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். ஒருவர் அதை முன்னால் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். ஊர் நெடுவரிசையில் தூத்துக்குடி, டூட்டிகோரின் என்று இரண்டும் இருக்கின்றன. திருநெல்வேலியும் நெல்லையும் தனித்தனி ஊராக நிற்கின்றன. பிறந்த தேதியில் 03-04-2006 என்று இருக்கிறது. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மார்ச் 4. குடும்ப வருமானம் 1,20,000 என்று கமா போட்டு எழுதியிருக்கிறார்கள். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் இதை அப்படியே எண்ணாக மாற்றச் சொன்னால் முடியாது என்று எரர் காட்டிவிடும்.

கடைசியாக மதிப்பெண். பத்து மாணவர்கள். எட்டுப் பேர் பரீட்சை எழுதியிருக்கிறார்கள், அவர்கள் எடுத்த மதிப்பெண் மொத்தம் 480. இரண்டு பேர் வரவில்லை, அவர்களுக்கு யாரோ பூஜ்யம் போட்டுவிட்டார்கள். அப்படியே சராசரி எடுத்தால் 48. வராதவர்களை விட்டுவிட்டு எடுத்தால் 60. ஒரு பள்ளி மோசமா, நன்றாக நடக்கிறதா என்ற முடிவே இங்கே மாறிவிடுகிறது. எந்த ஏ.ஐ. மாடலைக் கொண்டுவந்தாலும் இந்தப் பூஜ்யத்தின் அர்த்தம் அதற்குத் தானாகத் தெரியாது. அந்தப் பள்ளியில் கேட்டால்தான் தெரியும். இப்படி உட்கார்ந்து கேட்டு, சரிபார்த்து, சுத்தம் செய்வதில் உங்களுக்குச் சலிப்பு வரவில்லை, ஒரு பிடிப்பு வருகிறது என்றால், தைரியமாக இந்தப் பக்கம் வாருங்கள். இந்த வேலைக்குப் பொறுமையும் நேர்மையும்தான் முதல் தகுதி என்று நான் மனதார நம்புகிறேன்.

அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கேன்டீன் பக்கம் நிற்கும் சீனியர் அண்ணன், அக்காவிடம் கேளுங்கள். லேபில் ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர்? புரோகிராமை நீங்களே அடித்து ஓடவைத்தீர்களா, ரெகார்ட் நோட்டைப் பார்த்து எழுதியதோடு சரியா? புள்ளியியல் யார் நடத்துகிறார்? இதற்குக் கிடைக்கும் பதில் எந்த பிரோஷரிலும் இருக்காது.

இப்போது பி.சி.ஏ. கேட்டவர்களுக்கு. காமர்ஸ் குரூப் எடுத்தவர்களைப் பல கல்லூரிகள் பி.சி.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் வெப்சைட் செய்யும் பி.எச்.பி. மொழியைப் படித்திருப்பீர்கள், கணினி அறிவியல் குரூப்பில் பைத்தானும், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல்.லும் படித்திருப்பார்கள். யாரும் வெறும் கையோடு போகவில்லை. மூன்று வருடம் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. அது முன்பு மூன்று வருடம், 2020 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. ஆக மொத்தம் ஐந்து வருடத்தில் முதுகலைப் பட்டம்.

யாரும் கண்டுகொள்ளாத ஒரு படிப்பையும் சொல்லியாக வேண்டும்: பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, லயோலாவில் இருக்கிறது. டேட்டா சயின்ஸ் என்ற பெயர் பரவுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வரும் துறை இது. புள்ளியியலை எடுத்துக்கொண்டு, கூடவே பைத்தான் பழகுகிற பிள்ளை பின்னால் நிற்காது.

இன்னொரு வழி ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ். 2020இல் தொடங்கியது. பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைத்து எடுப்பார்கள். பாடம் வீட்டிலிருந்து பார்க்கலாம், முக்கியத் தேர்வுகளை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்ப சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று கையில் ஏதாவது இருக்கும். வருமானம் குறைவான குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு டிகிரி படித்துக்கொண்டே இதையும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் வரும், தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது சிரமம்.

முடிக்கும் முன் பெற்றோருக்கு ஒரு விஷயம். உங்கள் குடும்பத்தில் இந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி என்றால், இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அதற்கான படிப்புச் சான்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். சாய்ஸ் ஃபில்லிங்கில் கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று அடுத்த வீடியோவில் உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கட் ஆஃபையும் மாவட்டத்தையும் கீழே எழுதுங்கள், அதிலிருந்தே உதாரணம் எடுத்துக்கொள்கிறேன்.