நாட்டுப்புறக் கதையா, தொன்மமா? படைப்புக்குள்ள அடையாளம் காண்றது எப்படி

வணக்கம்ங்க. ஒரு சிறுகதையையோ நாவலையோ படிக்கிறீங்க. அதுக்குள்ள ஓடுறது நாட்டுப்புறக் கதையா, தொன்மமா (புனிதம்னு நம்பப்படுற ஆதிகாலக் கதை, அதாவது 'மித்')? இதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்க்கலாம். சாமி வந்தா தொன்மம், மிருகம் பேசினா நாட்டுப்புறக் கதைன்னு பலரும் முடிவு பண்ணிடறாங்க. அந்தக் கணக்கு சரியா வராது. சாமி வந்து வரம் கொடுக்கிற நாட்டுப்புறக் கதை ஏராளம்.

யார் வர்றாங்கன்னு பார்க்கிறதை விடுங்க. கதை முடியும்போது என்ன மாறியிருக்குன்னு பாருங்க. நாட்டுப்புறக் கதையில அந்த ஆளோட நிலைமை மாறும்: ஏழை ராஜா ஆவான், தொலைஞ்ச பொண்ணு வீடு திரும்புவா. தொன்மத்துல பெரும்பாலும் உலகமே மாறிடும், அந்த மாற்றம் இன்னைக்கும் நீடிக்கும். கிரேக்கத் தொன்மத்துல பண்டோரா ஜாடியைத் திறந்தா. நோயும் துன்பமும் வெளிய வந்துச்சு, நம்பிக்கை மட்டும் உள்ளயே தங்கிடுச்சு. வெளிய போனது திரும்பவே இல்லை. மனுஷனுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்ங்கிற கேள்விக்கு அந்தக் கதை பதில் சொல்லுது.

அடுத்தது காலமும் நம்பிக்கையும். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் வில்லியம் பாஸ்கம் 1965-ல இதைத் தெளிவா வகுத்தார். தொன்மம் ஆதிகாலத்துல நடக்கும். சொல்ற சமூகம் அதை உண்மைன்னு, புனிதம்னு நம்பும். நாட்டுப்புறக் கதை 'ஒரு ஊர்ல'ன்னு ஆரம்பிக்கும், கற்பனைன்னு எல்லாருக்கும் தெரியும். நடந்ததா நம்பப்படுது, ஆனா சமீப காலம், நாம வாழுற இதே உலகம்னா அது பழமரபுக் கதை. இதைத்தான் அடிக்கடி தொன்மம்னு தப்பா எழுதிடறாங்க.

இப்போ பென்சிலை எடுங்க. ஒரே செயல் மூணு தடவை வருதான்னு கோடு போடுங்க. முதல் ரெண்டு தடவை தோல்வி, மூணாவது தடவை வெற்றின்னா அது நாட்டுப்புறக் கதையோட எலும்புக்கூடு. 'அந்த அறையை மட்டும் திறக்காதே'ன்னு ஒரு தடை வருதா? அது மீறப்படுற இடத்தையும் குறிங்க. ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928-ல ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ஞ்சு, கதையை நகர்த்துற 31 செயல்களைப் பட்டியல் போட்டார். அதுல தடையும் மீறலும் ஒரு ஜோடி. ஆனா 31-ம் எந்தக் கதையிலயும் வரணும்னு அவசியமில்லை. இல்லாததை வலிய திணிக்கும்போதுதான் அலசல் கெட்டுப்போகுது. விலங்குக் கதைக்கு அந்தப் பட்டியல் ஒத்தும் வராது.

கதைக்கூறை, அதாவது பல கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற சின்னத் துணுக்கை மட்டும் வச்சும் தீர்ப்புச் சொல்லிடாதீங்க. மனுஷர் கல்லாகிறது நாட்டுப்புறவியல் ஆய்வாளர் ஸ்டித் தாம்சன் கதைக்கூறுகளுக்கு எண் கொடுத்துப் போட்ட அட்டவணையில டி231. நாட்டுப்புறக் கதையிலயும் அது வரும், தொன்மத்துலயும் வரும்.

புதுமைப்பித்தனோட 'சாப விமோசனம்' எடுத்துக்குங்க. ராமனால அகலிகை உயிர் பெறுறது பழைய கதை. ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதை வாயாலயே கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறது புதுமைப்பித்தன் சேர்த்தது. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். பழைய கதையை இடது பக்கம், புதுக் கதையை வலது பக்கம் சம்பவம் சம்பவமா எழுதுங்க. ரெண்டும் முதல்முதலா எங்க பிரியுதோ அங்க ஒரு வட்டம் போடுங்க. உங்க கட்டுரையை அந்த வட்டத்துல இருந்து ஆரம்பிங்க.